ஏரிக்கரையில் காற்று வாங்கிய தக்காளி

1

போன வாரம் லெமிங்டனில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தேன். கனடாவின் தென்கோடியில் உள்ள ஊர் அது. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் விளைகின்றன. பெட்டிகள் ஏறி முடிந்ததும் டிரெய்லரின் பின்கதவைச் சாத்தி, கைப்பிடியில் எண் பொறித்த பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டி இறுக்கிய அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வின்னிபெக் போய்ச் சேரும்வரை இது இப்படியே இருக்குமா, சவரி?"

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கூடத்தில் என் கதை தெரியாதவர்கள் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்ததற்குக் கம்பெனி ஒரு தொப்பி கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே இப்படி.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் லாரி ஓட்டுகிறேன். பதினெட்டு டயர், நீளமான டிரெய்லர், அதன் நெற்றியில் குளிர்விக்கும் மோட்டார். லெமிங்டனில் ஏற்றி வின்னிபெக்கில் இறக்க, ஏரிகளையும் காடுகளையும் சுற்றி மூன்று பகல் ஓட்டவேண்டும். வண்டிக்குள்ளேயே கட்டில், வண்டிக்குள்ளேயே ரசம் வைக்கும் சின்ன அடுப்பு. நன்றாகவே ஓட்டுகிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் ஜெனிட்டா. பள்ளிச் சான்றிதழில் ச. ஜெனிட்டா. கனடா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரான சவரிமுத்துவை எழுதினேன். அன்றிலிருந்து வங்கிக்கும் வரித்துறைக்கும் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கும் நான்தான் சவரிமுத்து. சரக்கு ஏற்றும் இடங்களில் சுருக்கமாகச் சவரி. வண்டியில் உள்ள கணினித் திரை காலையில் உயிர்பெற்றதும் 'வணக்கம், சவரிமுத்து' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். அப்பா இத்தனை வருஷம் லாரி ஓட்டியும் எந்த வண்டியிலும் எழுதப்படாத பெயர் அது. அவர் ஓட்டிய வண்டிகளின் கதவுகளில் முதலாளிகளின் பிள்ளைகள் பெயர்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் திரையைப் பற்றி நான் அப்பாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலைமை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்குப் போகிறவர். சாயங்காலம் லோடு ஏறும், விடியும்போது பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு சந்தையில் இறங்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலையாளம் பேசுவார், ஊர்ப் பலகைகளைப் படிக்காமலே பாலத்தையும் பெட்ரோல் பங்கையும் சாலையோர மாதா சிலைக் கெபியையும் வைத்து வழி சொல்லுவார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தது நான். திண்டுக்கல்லில் கல்லூரியும் முடித்தேன். என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்று, அலுவலக வாசலில் நின்று அப்பா சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"ஸ்டியரிங் புடிக்கிறது என் கையோட போகட்டும் தாயி. நீ பேனா புடி."

பேனாதான் பிடித்தேன். சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படிக்க வின்னிபெக் வந்தேன். முடித்துவிட்டு ஒரு லாரி கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். என் மேசைக்கு எதிரே பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் வந்து திரும்பும் மைதானம். ஒவ்வொரு வண்டியும் பின்னால் வரும்போது என் வலது கால் மேசைக்கு அடியில் பிரேக் மிதித்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார், "உனக்குக் காலில் ஏதாவது பிரச்சினையா?" இருந்தது. அந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன்.

அம்மாவிடம் முதலில் சொன்னேன். அம்மா, "ஆத்தே, மாதாவே!" என்றார். பிறகு செத்த நேரம் கழித்து, "வண்டிக்குள்ள ஏசி இருக்கா?" என்றார். அத்துடன் அவருக்குச் சமாதானம். அப்பாவிடம் அம்மாதான் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அதன்பிறகு நான் போன் செய்தால், "சாப்டியாத்தா? குளுரு எப்புடி? இந்தா, அம்மாட்ட குடுக்கேன்." அவ்வளவுதான். மார்க்கெட்டில் யார் கேட்டாலும், "மக கனடாவுல ஆபீஸ்ல இருக்கு" என்று சொல்வதாக அம்மா சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பிள்ளைகள் விலகிப்போவதைப் பற்றி எழுதுவார்கள். இங்கே எழுதிக்கொண்டிருப்பது விலகிப்போன பிள்ளை. அதுவும் அப்பாவின் தொழிலுக்கே வந்து விலகிப்போன பிள்ளை. வேறு எதற்கு வந்திருந்தாலும் அவர் கேள்வி கேட்டிருப்பார். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அப்பா என் வண்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

3

தப்புகளில் சின்னது முதலில். பயிற்சியின் முதல் நாள் சாவியை வாங்கிக்கொண்டு மிடுக்காக நடந்து போய், வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. பயிற்சியாளர் இடதுபக்கக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "நான் ஓட்டவேண்டும் என்று விரும்புகிறாயா?" என்றார்.

"ஸ்டெப்னி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் மூன்று முறை திருப்பிக் கேட்டார். மாற்று டயரை உலகம் முழுக்க ஸ்டெப்னி என்றுதான் சொல்வார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அது ஆங்கிலம் இல்லை, திண்டுக்கல் பைபாஸ் ஒர்க்‌ஷாப்பின் மொழி என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஹாரன். வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்புவது எங்கள் வீட்டில் பாவக்கணக்கில் சேரும். ஏரிக்கரை மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அடித்தேன். பயிற்சியாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாரைக் கூப்பிடுகிறாய்?" என்றார். "எதிரில் வருகிறவர்களை" என்றேன். "எதிரில் மான்கள்தான் வரும். அவற்றை நாம் கூப்பிடுவதில்லை" என்றார். மூஸ் என்று இங்கே சொல்கிற அந்த மான் ஒட்டகத்தின் உயரம் இருக்கும். ஒருமுறை பார்த்தபிறகு நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

பின்னால் எடுப்பதுதான் பெரும்பாடு. நம் ஊரில் கிளீனர் வண்டிக்குப் பின்னால் நின்று, அதன் உடம்பில் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா, ஓல்டேன்" என்று சொல்லுவார். ஓல்டேன் என்றால் 'நிறுத்து'. கண்ணாடியைப் பார்ப்பது சும்மா ஒரு மரியாதைக்கு. ஓட்டுகிறவர் காதால்தான் பின்னால் வருவார். முதல்முறை பின்னால் எடுத்தபோது என் காது யாராவது தட்டுவார்கள் என்று காத்திருந்தது. யாரும் தட்டவில்லை. கடைசியில் குப்பைத்தொட்டிதான் தட்டியது.

"பின்னால் எடுக்கும் முன் இறங்கிப் பார். சந்தேகம் வந்தால் மறுபடியும் இறங்கிப் பார்" என்றார் பயிற்சியாளர். இங்கே கிளீனர் இல்லை. நானே ஓட்டுநர், நானே கிளீனர். ஏறி இறங்கி ஏறி இறங்கி, அந்தக் கோடையில் எனக்கு முழங்கால் பலமானது. தேர்வில் முதல் தடவையிலேயே தேறினேன். அம்மா, அந்தோணியாருக்கு வேண்டிக்கொண்டதால்தான் என்றார். இருக்கலாம். ஆனால் ஏறி இறங்கியது நான்.

4

தனியாக ஓட்ட ஆரம்பித்த புதிதில் நடந்தது இது. சோதனைக்காலம் இன்னும் முடியவில்லை. ஒரு தப்பு பெரிதாக நடந்தால் வேலை போய்விடும் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள்.

லெமிங்டனில் தக்காளி ஏற்றினேன். சீல் போட்டார்கள், காகிதத்தில் சீல் எண்ணைக் குறித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் காலை சுப்பீரியர் ஏரிக்கரையில் ஓய்வு எடுக்கும் இடத்தில் எழுந்தேன். ஆத்தூர் அணைக்கட்டைப் பார்த்தே வாயைப் பிளந்து வளர்ந்தவள் நான். இந்த ஏரிக்கு அக்கரையே இல்லை. தேநீர் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், ஒரே அமைதி. குளிர்விக்கும் மோட்டாரின் சத்தம் இல்லை.

உள்ளே அத்தனை தக்காளி. மோட்டார் நின்றுவிட்டதா?

அந்த நிமிஷம் என் தலைக்குள் பேசியது பயிற்சிப் பள்ளி இல்லை. பள்ளி விடுமுறையில் ஒருமுறை அப்பா என்னைக் கேரளாவுக்குக் கூட்டிப்போயிருந்தார். பொள்ளாச்சி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். டீ சொல்லும் முன் தார்ப்பாயின் கயிற்றை இரண்டு பக்கமும் தளர்த்தி, பாயைச் சுருட்டி மேலே விட்டார். சூடான மூச்சு ஒன்று வெளியே வந்தது. "தக்காளி வேத்துச்சுன்னா அழுகிப்போகும் தாயி. நாம டீ குடிக்கிற நேரம் அதுவும் காத்துக் குடிக்கட்டும்" என்றார். ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி ஏற்றுகிற எந்த ஓட்டுநரும் இதைச் செய்யாமல் போகமாட்டார். செய்யாதவனைச் சோம்பேறி என்பார்கள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். சீலை வெட்டினேன். பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவள், ஒரு பிளாஸ்டிக் வாரைப் பூட்டு என்று மதிக்கவில்லை. இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கொக்கியில் மாட்டினேன். ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று நேராக உள்ளே போனது. தக்காளி வாசம் வெளியே வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து தேநீரைக் குடித்தேன். சவரிமுத்துவின் மகள், கடல் மாதிரி ஒரு ஏரியின் கரையில் தக்காளியைக் காத்தாட விட்டிருக்கிறாள். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தேநீர் முடியும் நேரம் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. அது பழுதாகவே இல்லை. உள்ளே வேண்டிய குளிர் வந்ததும் ஓய்வெடுக்கும், குளிர் குறைந்ததும் எழுந்து ஓடும். அப்படித்தான் அதை வைத்திருந்தார்கள். வகுப்பில் படித்ததுதான். ஒரு தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

சரி, நல்லதுதான் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

5

வின்னிபெக்கில் சரக்கு இறக்கும் கூடம். காலை நேரம். காகிதத்தோடு வந்த இளைஞர் பின்கதவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"சீல் எங்கே?"

"நான்தான் எடுத்தேன்" என்றேன், பதக்கம் வாங்கப் போகிறவள் மாதிரி. "தக்காளிக்குக் காற்று வேண்டுமே."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, இந்தச் சரக்கை ஏற்க முடியாது என்றார். சாப்பிடும் பொருள், சீல் உடைந்தால் உள்ளே யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது, சட்டம் அப்படி. "ஒரு தக்காளிகூடக் கெடவில்லை, பாருங்கள்" என்றேன். "பார்க்கவே வேண்டாம், அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

கம்பெனிக்குச் சொன்னேன். எங்களுக்கு லோடு ஒதுக்கும் ஹர்ப்ரீத் என்ற பஞ்சாபிப் பெண் போனில் நீளமாக மூச்சுவிட்டாள். "வண்டியை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்து. நாளைக்கு மேலாளர் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார்."

ஓரத்தில் நிறுத்தினேன். தைரியமான பெண் என்று என்னைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தேன் அல்லவா, அந்த இடத்தில் அழுதேன். பிறகு அம்மாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கை தானாக அப்பாவின் எண்ணை அழுத்தியது. அங்கே சாயங்காலம், லோடு ஏறும் நேரம். பின்னால் ஒரே சத்தம்.

"ஏத்தா, என்ன இந்நேரத்துல? ஒடம்புக்கு ஆகலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்பா. லோடு வேண்டாம்னுட்டாங்க."

முருங்கைக்காய்க் கட்டு விழுகிற சத்தம் கேட்டது. அம்மாவிடம் கொடுக்க அம்மா அங்கே இல்லை. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"என்ன லோடு?"

அத்தனை மாதங்களில் முதல் கேள்வி.

"தக்காளிப்பா."

"நாட்டுத் தக்காளியா, ஹைபிரிட்டா?"

"ஹைபிரிட்டு."

"கூடையா, பொட்டியா?"

"அட்டப்பொட்டி."

"அழுகிருச்சா?"

"ஒன்னுகூட அழுகலப்பா."

"பெறகென்னத்துக்கு வேண்டாங்குறான் அந்தப் பய?"

"கதவத் தொறந்துட்டேன். செத்த நேரம் காத்தாட விட்டேன்."

"எங்க வச்சு?"

"ஒரு ஏரிக்கரையில."

"வெயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். டீ குடிக்கிற நேரம்."

"சரியாத்தான செஞ்சிருக்க!" அப்பா கத்தினார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. "அதுக்கா வேண்டாங்குறான்? தக்காளின்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு?"

சீலைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

"காத்தே போகக்கூடாதுன்னா அது என்னத்தா வண்டி? பீரோவா?"

"குளுருப் பொட்டிப்பா. நம்ம வீட்டு ஃபிரிட்ஜு மாதிரி, வீடு நீளத்துக்கு."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "ஃபிரிட்ஜத் தொறந்து வச்சா உங்கம்மா என்னையவே வைவாளே."

எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தப் பக்கம் யாரோ, "போன்ல யாருங்கண்ணா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அப்பா போனைப் பொத்திக்கொண்டு சொன்னதும் விழுந்தது. "மக. ஆபீஸ்ல ஏதோ பெரச்சனையாம்."

பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார்.

"வேலைய விட்டு எடுத்தாலும் எடுப்பாங்கப்பா."

'எடுத்தால் நல்லது, பேசாமல் மேசை வேலைக்குப் போ' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"எடுத்தா எடுக்கட்டும். அந்த ஊர்ல வேற கம்பெனி வண்டியா இல்ல?"

6

மேலாளர் என்னை உட்காரச் சொன்னார். கணினியில் ஒரு கோட்டுப்படம் காட்டினார். டிரெய்லருக்குள் இருந்த குளிரை வழி முழுவதும் பதிந்துவைத்த படம். நான் கதவைத் திறந்த நேரத்தில் கோடு அசையவே இல்லை. அந்த ஏரிக்காற்றும் குளிர்ப்பெட்டியும் ஒரே குளிர். "எப்படி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டார். "அழகாக இருந்தது" என்றேன். பக்கத்தில் நின்ற ஹர்ப்ரீத் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னதால் வேலையில் வைத்துக்கொள்வதாகவும், சோதனைக்காலத்தை நீட்டுவதாகவும் சொன்னார். தக்காளியை இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்தார்கள். குறையில்லை என்று சொன்னபிறகு அது இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் இடத்துக்குப் போனது. அந்த வாரம் வின்னிபெக்கில் யாரோ முகம் தெரியாதவர்கள் அதை உண்டிருக்கிறார்கள். நல்ல தக்காளி. காற்று வாங்கிய தக்காளி.

வெளியே வந்ததும் ஹர்ப்ரீத் சொன்னது எனக்கு எந்தப் பாடத்தையும் விட உபயோகமாக இருந்தது. "சீல் உன்னைச் சந்தேகப்பட்டுப் போடுவது இல்லை. உன் வண்டிக்குப் பின்னால் நீ நிற்க முடியாது. உனக்குப் பதிலாக அது நிற்கிறது."

அப்படிச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது. பின்னால் நிற்பது என்றால் கிளீனர். அப்படியானால் நான் என் கிளீனரின் கையை வெட்டியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் போய்ச் சீலைத் தொட்டுப் பார்க்கிறேன். யாரும் பார்க்காவிட்டால், "ரைட், போலாம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஏறுகிறேன்.

அப்பாவும் மாறினார். போன் செய்தால் குளிரைக் கேட்பதில்லை, லோடைக் கேட்கிறார். "இன்னைக்கு என்ன?" "வெள்ளரிப்பா." "அதைக் காத்தாட விட்றாத." இந்த நகைச்சுவையை அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லுவார். திரை அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பதை ஒரு நாள் வீடியோவில் காட்டினேன். "இந்தப் பொட்டி எதுக்கு என்னையக் கூப்புடுது? நான் இங்கன இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, இன்னொருமுறை காட்டச் சொன்னார்.

ஆனால் மார்க்கெட்டில் மட்டும் நான் இன்னமும் ஆபீஸில்தான் இருந்தேன்.

7

தை மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். இரண்டு நாள் வீட்டில் அம்மாவின் கையால் தின்றேன். மூன்றாம் நாள் அப்பா, "ஒட்டன்சத்திரம் வாரியா? சும்மா ஒரு நட" என்றார். திண்டுக்கல் பைபாஸில் நின்ற வண்டியை எடுக்கப் பஸ்ஸில் போனோம். வண்டியைக் கண்டதும் நேராகப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். எதிரே ஸ்டியரிங் இல்லை.

"ஏத்தா, கிளீனராவா வந்த?" என்றார் அப்பா.

சிரித்துக்கொண்டே அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இந்தச் சாலையில் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட என் உரிமம் செல்லாது. கனடாவில் கேட்டேன், ஊரிலும் கேட்டேன். இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மார்க்கெட்டுக்குள் போனபோது பிற்பகல். முருங்கைக்காய்க் கட்டுகள் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. மண்டிக்காரர் குப்புசாமி, அப்பாவுக்கு வெகுநாள் பழக்கம், கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏனுங்க சவரிமுத்தண்ணா, இதானுங்களா கனடாப் பாப்பா? நல்லா இருக்கியாம்மா? அங்க ஆபீஸ்ல எல்லாம் ஏசியுங்களா, இல்ல ஹீட்டருங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மண்டியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மண்டியின் வளாகத்துக்குள், ஏற்கெனவே நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவே, வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்ட நிறுத்தவேண்டும். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் வீசினார்.

"வண்டியப் பின்னாடி எடுத்து விடு தாயி."

சாவியைப் பிடித்துவிட்டேன். கீழே விழுந்திருந்தால் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

இந்த முறை சரியான கதவு. ஏறி, இன்ஜினைப் போட்டு, கண்ணாடிகளைத் திருப்பினேன். பிறகு பழக்கதோஷம், கீழே இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் நடந்து போய், மேடையைப் பார்த்து, இரண்டு பக்கமும் இடைவெளியைப் பார்த்து, வழியில் கிடந்த ஒரு வாழைத்தாரை நகர்த்திவைத்தேன். மூட்டை தூக்குகிறவர்களும் அங்கே நின்ற ஓட்டுநர்களும் சிரித்துவிட்டார்கள்.

"என்ன பாப்பா, தொலைச்சதத் தேடுறியா?"

"சிரிக்காதீங்கடா," என்றார் அப்பா. "அங்கிட்டு அதான் சட்டம். எறங்கிப் பாத்துட்டுத்தான் எடுக்கணும். நீங்க பாக்காம எடுத்துத்தான போன மாசம் டீக்கடைப் பந்தலயும் சேத்து இழுத்துட்டு வந்தீங்க?"

சிரிப்பு அப்படியே பந்தலை இழுத்து வந்த ஓட்டுநர் பக்கம் திரும்பியது.

ஏறி உட்கார்ந்தேன். ரிவர்ஸ். அப்பா பின்னால் போய் நின்றார். எந்த வண்டிக்கும் அவர் கிளீனராக நின்று நான் பார்த்ததில்லை. வண்டியின் உடம்பில் அவர் கை விழுந்தது. தட், தட்.

"வரட்டும்... வரட்டும்... லேசா ஒடி. ஒடிச்சு வா. நேரா வுடு... வரட்டும்... வரட்டும்..."

காதால் ஓட்டினேன். கண்ணாடியையும் பார்த்தேன், விடவில்லை. இரண்டும் ஒன்றையே சொல்லின.

"ஓல்டேன்!"

பிரேக். மேடைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம். ஒரே எடுப்பில். மூட்டைக்காரர்களில் ஒருவர் விசிலடித்தார். நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே குப்புசாமியின் குரல் கேட்டது.

"ஏனுங்கண்ணா, பாப்பா ஆபீஸ்ல இருக்குதுன்னீங்க?"

"ஆபீஸுதான்," என்றார் அப்பா. "பதினெட்டு டயரு போட்ட ஆபீஸு."

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தக்காளிக் கதையை ஆரம்பித்தார். கையை விரித்து டிரெய்லரின் நீளத்தைக் காட்டினார், பிறகு போதவில்லை என்று நாலு எட்டு நடந்து காட்டினார். அவர் சொன்ன கதையில் அந்த ஏரி கடலாகிவிட்டது. காகிதம் பார்த்த இளைஞர் பெரிய போலீஸ் அதிகாரி ஆகிவிட்டார். மேலாளர் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். "சீலாவது கீலாவது, தக்காளிதான் முக்கியம்னு வெட்டிப்புட்டா. யாரு சொல்லிக்குடுத்தது? இங்கன பழகுனதுதான்!" நான் செய்தது தப்பு என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. திருத்தலாமா என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். பேசாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

முருங்கைக்காய்க் கட்டுகள் ஒவ்வொன்றாக வண்டிக்குள் விழ ஆரம்பித்தன. குப்புசாமி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, வண்டியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற அப்பாவிடம் கேட்டார்.

"அப்ப நம்ம முருங்கைக்காய ஏத்திவுட்டா, பாப்பா கனடா வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருமுங்களா?"

"நீரு ரோட்டப் போட்டுக் குடும்," என்றார் அப்பா. "அது போயிரும்."